காதில் பஞ்சு வைக்காதவர்

கம்பெனியில் காதுப் பஞ்சு கொடுக்கும் வேலை என்னுடையது. பஞ்சு என்று பேர்தானே தவிர அது மஞ்சள் நிறத்தில் ஒரு நுரை ரப்பர் துண்டு. விரலில் உருட்டிக் காதுக்குள் விட்டால் விரிந்து அடைத்துக்கொள்ளும். ஷிஃப்டு தொடங்குமுன், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் ஆட்கள் முதலுதவி அறையின் ஜன்னலுக்கு வந்து ஆளுக்கொரு ஜோடி வாங்கிப் போவார்கள். எல்லோரும் வாங்குவார்கள், பாதிப்பேர் வைத்துக்கொள்வார்கள். நான் சொல்லவந்த இவர் மட்டும் இரண்டு ஜோடி கேட்டு வாங்கிப் போய் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ள மாட்டார்.

"இன்னாணா, ரெண்டு ஜோடி எதுக்கு? நாலு காதா உனுக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனுக்கு இல்ல சிஸ்டர். கிட்டாருக்கு" என்றார்.

நக்கல் செய்கிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் அறைக்குப் போய்ப் பார்த்தபோது, கிட்டாரின் ஆறு கம்பிகளுக்கும் அடியில் நான் கொடுத்த துண்டுகளை வரிசையாகச் செருகி வைத்திருந்தார். அப்படி வைத்தால் கம்பி கணீரென்று ஒலிக்காது. தொப்பென்று, தகடு வெட்டுப்பட்டு விழுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம்தான் அவருக்கு வேண்டும். காதுக்குக் கொடுத்ததைக் கிட்டாருக்கு வைத்துவிட்டு, காதைத் திறந்துபோட்டுக்கொண்டு எட்டு பிரஸ்களுக்கு நடுவில் வருஷக்கணக்காக நின்ற மனிதர் அவர். பேர் எழுதவில்லை. அவரைக் கேட்காமல்தான் இதை எழுதுகிறேன், அந்த மரியாதையாவது இருக்கட்டும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார் கதவுக்கான தகடுகளை அழுத்தி வடிவம் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. அவர் அங்கே காண்ட்ராக்டில் பிரஸ் ஓட்டுபவர். ஊர் பொதட்டூர்பேட்டை. பெண்சாதியை ஊரில் விட்டுவிட்டு இங்கே ஒரு ஆஸ்பெஸ்டாஸ் அறையில் தங்கியிருந்தார். எங்கள் சர்ச்சில் புது கிட்டார் வாங்கியபோது, ஓரங்கட்டிப் போட்டிருந்த பழைய எலெக்ட்ரிக் கிட்டாரைக் கேட்டு வாங்கிப் போனார். அன்றைக்குப் பாடகர் வரிசையில் நானும் பாடிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலை ஜன்னலில் வந்து நின்றார்.

"சிஸ்டர், நேத்து மத்தவங்க எல்லாம் ஒரே இடத்துல நின்னு பாடுனாங்கோ. நீ மட்டும் ஒரு இம்மி மேல இருந்த."

எனக்குச் சுருக்கென்றது. சுருதிக்கு ஒரு இம்மி மேலே பாடுகிறேன் என்றுதான் பாட்டு வாத்தியாரும் பதினோரு வருஷமாக என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். இவரும் வந்துவிட்டாரா என்று, "வாங்குனா வாங்கிக்கினு போணா, பின்னால ஆளு நிக்குது" என்று விரட்டினேன்.

"கோச்சுக்காத. அத்த விட்றாத. அதான் உன் குரலு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வார்த்தையை என்னிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்ததும் அவர் அறைக்குப் போனேன். அப்படித்தான் காயத்துக்கு மருந்து போடுகிற நான் ராக் பாட்டுக்காரி ஆனேன். மேடையில் நின்றாலும் என்னை அவர் 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். கேட்கிறவர்கள் நான் கன்னியாஸ்திரீ என்றே நினைத்தார்கள்.

நாங்கள் மூன்று பேர். அவர், நான், பழவேற்காட்டிலிருந்து பைக்கில் வரும் கனி. கனியின் வீட்டார் கருவாடு மொத்த வியாபாரம் செய்பவர்கள். கனிக்கோ பேஸ் கிட்டார்தான் உயிர். டிரம்ஸ் கிடையாது. ஸ்கிராப்பிலிருந்து கொண்டுவந்த இரும்புத் தகட்டைத் தரையில் போட்டு, சேஃப்டி ஷூவால் அவரே மிதிப்பார். எங்கள் பாட்டுகளுக்குப் பல்லவி கிடையாது. தொடங்கும், போகும், எங்கேயோ போய் நிற்கும். ஆரம்பத்துக்குத் திரும்பவே வராது.

"ஜனங்க கூடப் பாடறதுக்கு ஒரு வரியாவது திரும்பி வரணும்ணா" என்று கனி கெஞ்சுவான்.

"போன ஷிஃப்டு திரும்பி வருதாடா? பாட்டு மட்டும் எதுக்கு வரணும்?" என்பார்.

ஒரு பாட்டில் எனக்குப் பிடித்த இரண்டு வரி இருந்தது. 'தகடு உள்ள போனா கதவா வருது, நான் உள்ள போனா இன்னாவா வருவேன்.' அதைப் பல்லவியாக வைத்திருந்தால் ஊரே பாடியிருக்கும். அவர் அதைப் பாட்டின் நடுவில் ஒரே ஒருமுறை, அதுவும் வாய்க்குள் முணுமுணுக்கிற மாதிரி வைத்தார். பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்.

அவருடைய எல்லாப் பாட்டும் பிரஸ் ஷாப்பிலிருந்து வந்ததுதான். எட்டு பிரஸ்ஸும் எட்டு வேகத்தில் அடிக்கும். எங்களுக்கு அது மொத்தமாக ஒரு இரைச்சல், அவருக்கு அது எட்டுப் பேர் பேசுவது. ஒருநாள் பராமரிப்பு ஆட்களிடம் போய், "நாலாம் நம்பரு சுருதி எறங்கிக் கீது, இன்னான்னு பாரு" என்றார். அவர்கள் சிரித்தார்கள். கேன்டீனில் அவரைப் பார்த்தாலே "இன்னாப்பா, நாலாம் நம்பருக்கு ஜலதோஷமா?" என்று ஓட்டினார்கள். மூன்றாம் நாள் நாலாம் நம்பரின் அச்சு இரண்டாகப் பிளந்தது. நல்லவேளை, அப்போது யாருடைய கையும் உள்ளே இல்லை. அன்றிலிருந்து பிளான்ட் மேனேஜரே சுற்றி வரும்போது அவர் பக்கத்தில் நின்று, "ஏம் நைனா, எல்லாம் பாடுதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அதனால்தான் காதை மூட மாட்டேன் என்று இன்னும் கெட்டியாகிவிட்டார். நான் சும்மா இருக்கவில்லை. திட்டினேன், படம் போட்ட சுவரொட்டியைக் காட்டி மிரட்டினேன். "இத்த அடைச்சிக்கினு நின்னா நான் குருடன் மாதிரி சிஸ்டர்" என்பார். ஒருமுறை சென்னையில் ஒரு ரெக்கார்டிங் ஆளிடம் கனி அவரைக் கூட்டிப் போனான். தாளம் தவறாமல் இருக்க ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கச் சொன்னார்கள். "காதை மூடிக்கினு பாட்டு போடறதா?" என்று கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறிவிட்டார். அவர் செய்த முப்பது நாற்பது பாட்டில் ஒன்றுகூட ஒழுங்காகப் பதிவாகவில்லை.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்குத்தான், சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன்.

வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனிக்கு மெடிக்கல் வேன் வரும். அதற்குள் காது டெஸ்ட்டுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஆள் உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக்கொள்ள வேண்டும், 'கீ' என்று மெல்லிய சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலுள்ள பட்டனை அமுக்க வேண்டும். வெளியே டெக்னீஷியன் சத்தம் அனுப்பும்போது மெஷினில் ஒரு சின்ன விளக்கு மின்னும். நான் டெக்னீஷியனுக்குப் பின்னால் நின்று ரிஜிஸ்டரில் எழுதுவேன். காண்ட்ராக்ட் ஆளுக்குக் காது குறைந்திருந்தால் கேட் பாஸை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு வருஷம் அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். விளக்கு மின்னியது. அவர் அமுக்கவில்லை. மறுபடி மின்னியது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் பயம் இருந்தது. நான் யோசிக்கக்கூட இல்லை. அடுத்தமுறை விளக்கு மின்னியதும் கையிலிருந்த பேனாவால் நெற்றியில் ஒருமுறை தட்டினேன். அவர் பட்டனை அமுக்கினார். மின்னியது, தட்டினேன், அமுக்கினார். தாளத்தில் கெட்டிக்கார மனிதரல்லவா, நான் தட்டியதும் உடனே அமுக்க மாட்டார். கேட்டு, நிதானித்து அமுக்குகிற மாதிரி ஒரு கால் விநாடி தள்ளி அமுக்குவார். டெக்னீஷியன் 'நார்மல்' என்றான், நான் ரிஜிஸ்டரில் என் கையால் 'நார்மல்' என்று எழுதினேன்.

மறுநாள் ஜன்னலில் வந்து நின்று, "அந்தக் கீச்சு சத்தம் எனுக்கு எதுக்கு சிஸ்டர்? நம்ம பாட்டுல அந்த எடமே கெடையாது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நர்ஸ் படிப்புப் படித்தவள் நான். இரைச்சலில் காது போவது முதலில் அந்தக் கீச்சுச் சத்தத்தில்தான் தொடங்கும், பிறகுதான் மற்றதெல்லாம் போகும் என்று எனக்குப் பாடத்திலேயே உண்டு. தெரிந்துதான் சிரித்தேன். அன்றைக்கே உண்மையை எழுதி, மேனேஜர் காலில் விழுந்தாவது அவரைப் பேக்கிங் பக்கம் மாற்றச் சொல்லியிருக்கலாம். நாலாம் நம்பரின் கோளாறை முன்னாலேயே சொன்ன ஆள் என்று மேனேஜரும் கேட்டிருப்பார். அதை நான் செய்யவில்லை. மூன்று வருஷம் தட்டினேன்.

மூன்றாவது முறை தட்டிய வருஷத்து ஆயுத பூசையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அன்றைக்கு பிரஸ்களை எல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டிவிடுவோம். மெஷினுக்கு ஓய்வு நாள், சுவிட்சைத் தொட்டால் பாவம் என்பார்கள். இவர் மேனேஜரிடம் போய், பாட்டுக்கு நாலு பிரஸ்ஸை ஓட்டவேண்டும் என்று கேட்டுவிட்டார். சூப்பர்வைசர்கள் குதித்தார்கள். மேனேஜர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "கற்பூரம் கொளுத்தறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம். அப்புறம் தொட்டா நானே உன்னை அனுப்பிருவேன்" என்றார்.

தகடு இல்லாமல் வெறும் பிரஸ் நாலும் ஓடின. ஒவ்வொன்றையும் எப்போது தொடங்க வேண்டுமென்று ஆபரேட்டர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். முதலில் ஒன்றாம் நம்பர். பிறகு இரண்டும் மூன்றும். பிறகு நாலாம் நம்பர். அவை அடித்துக்கொண்டே விலகி, விலகி, ஒரு இடத்தில் எல்லாம் சேர்ந்து ஒரே அடியாக விழும்போது கனி உள்ளே வந்தான், நான் பாடினேன். அத்தனை வருஷம் அந்தச் சத்தத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்ற ஆட்கள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தையல் போட்ட விரலால் ஒருவர் மெஷின்மேலேயே தாளம் போட்டார். நான் அந்த ஒரு இம்மி மேலே நின்று பாடினேன். என் வாழ்நாளில் நான் முழுசாக இருந்தது அந்த ஐந்து நிமிஷம்தான்.

கனி எடுத்த ஒரு போட்டோ இருக்கிறது. அதில் அவர் தோள் நாலாம் நம்பர் பிரஸ்ஸின் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். மெஷின்மேல் அவருக்கு இருந்த பாசம் என்று அன்று எல்லோரும் பேசிக்கொண்டோம். பாசமில்லை. அவருக்குத் தாளம் காதில் வரவில்லை, தோளில் வாங்கி வாசித்திருக்கிறார்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் கனி என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "சிஸ்டர், அண்ணன் கம்பிய சுருதி எறக்கிக் கட்டுறாரு. அவருக்கே தெரியல. சொல்லலாமா?"

சொல்ல வேண்டாம் என்றேன். சொன்னால் உடைந்துபோவார் என்றேன். அன்றிலிருந்து அவர் கிட்டாரை எப்படிக் கட்டினாலும் கனி தன் பேஸைத் திருகி அதற்கு இறங்கி வருவான். நானும் அங்கே இறங்கிப் பாடுவேன். மூன்று பேரும் ஒன்றாகத் தப்பாக இருந்தால் தப்பு தெரியாதல்லவா? கிட்டத்தட்ட ஒரு வருஷம் அப்படி ஓட்டினோம். அதை அன்பு என்று நினைத்துக்கொண்டோம்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பெரியபாளையத்தில் இளைஞர் மன்றம் போட்ட மேடை. கோயிலுக்கு வந்த கூட்டம் எதிரே உட்கார்ந்திருந்தது. மன்றத்தார் எங்களைக் கேட்காமலே வேறொரு குழுவிலிருந்து கீபோர்டு வாசிப்பவரைக் கூட்டி வந்து, "இவரும் உங்களோட வாசிப்பாரு" என்று உட்கார வைத்துவிட்டார்கள். கீபோர்டு எங்களுக்காக இறங்கி வருமா? முதல் அடியிலேயே கண்ணாடி உடைந்த மாதிரி இருந்தது. கூட்டம் சிரித்தது. கீபோர்டுகாரர் கையை எடுத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "குடிச்சிட்டு வந்துகீறான்பா" என்று முன்வரிசையில் ஒருவன் சொன்னான். தேநீரைத் தவிர எதையும் தொடாத மனிதர் அவர்.

அவருக்கு அது கேட்கவில்லை. ஆனால் சிரிக்கிற முகங்கள் தெரிந்தன. கீபோர்டுகாரரைப் பார்த்தார். கனியைப் பார்த்தார். கனி தலையைக் குனிந்துகொண்டான். மெதுவாக வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டு மேடையைவிட்டு இறங்கினார்.

வேனில் கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அவர்தான் கேட்டார். "எத்தினி நாளா?"

கனி அழுதுகொண்டே ஒரு விரலைக் காட்டினான். "ஒரு மாசமா?" கனி தலையை ஆட்டினான். "வருசமா?" கனி ஆமாம் என்றான். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீயுமா சிஸ்டர்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த மாதம் மெடிக்கல் வேன் வந்தது. அவர் முறை வந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தார், ஹெட்போனை மாட்டினார், பட்டனைக் கையில் பிடித்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டார்.

விளக்கு மின்னியது. நான் தட்டினேன். அவர் பார்க்கவில்லை. மின்னியது. பேனாவின் முனை நெற்றியில் குத்தும்படி தட்டினேன். கண்ணாடியை உடைத்து உள்ளே போய் அவர் கையைப் பிடித்து அமுக்கிவிடலாம் போலிருந்தது. டெக்னீஷியன் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனான். அவர் கோயிலில் நிற்பவர் மாதிரி கண்மூடி உட்கார்ந்திருந்தார். உண்மை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அவருக்கு இருந்த வழி அது ஒன்றுதான், ஏனென்றால் சொல்ல வேண்டிய நாங்கள் சொல்லவில்லை.

"சிஸ்டர், பட்டன் வேலை செய்யுதான்னு பாருங்க" என்றான் டெக்னீஷியன்.

பட்டன் நன்றாகத்தான் இருந்தது. அன்று மாலையே கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள். இரண்டு நாளில் அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போனார். கனி கருவாட்டு வியாபாரத்துக்குப் போய்விட்டான். நான் மறுபடி சர்ச்சில் பாடினேன். வாத்தியார் சொன்ன இடத்தில் நின்று பாடப் பழகிவிட்டேன்.

இந்த வருஷம் வேன் வந்துபோன மறுநாள் லீவு போட்டுவிட்டு, திருத்தணிக்குப் போய் அங்கிருந்து பொதட்டூர்பேட்டைக்கு பஸ் ஏறினேன். இரும்பு கேட் செய்யும் பட்டறை ஒன்றில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். முடி நரைத்திருந்தது. பக்கத்தில் ஒருவன் இரும்பு அறுக்கும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தான், எனக்குப் பல் கூசியது. அவர் நிதானமாக ஒரு கம்பியை முடித்துவிட்டு நிமிர்ந்தார், என்னைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சிரித்தார். எதிரேயிருந்த மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்து, மூச்சு விடாமல் சொன்னேன். "அன்னிக்கே எழுதியிருந்தா மீதி காதாவது நின்னிருக்கும்ணா. உன் வேலை போயிருமேன்னு நான் தட்டல. எனுக்காகத் தட்டுனேன். நீ ஊருக்குப் போய்ட்டா நான் எங்க போய் பாடுவேன்னு தட்டுனேன். படிச்சவ நான், தெரிஞ்சே தட்டுனேன்." சொல்லி முடித்தபோது உடம்பு லேசாகிவிட்டது. பாவி, அவருக்குக் கேட்காது என்பதால்தான் அவ்வளவு தைரியமாகச் சொன்னேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். எழுதுகிற பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"வாயப் பாத்துக்கினுதான் இருந்தேன் சிஸ்டர். பாதி புரிஞ்சிது. மீதிய இதுல எழுது."

போனை வாங்கினேன். வெள்ளைப் பக்கம். பெயிண்ட் கறை படிந்த கண்ணாடி. அவர் காத்திருந்தார். நான் ஒரு எழுத்து அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன், அழித்தேன். கடைசியில் 'சாப்ட்டியாண்ணா?' என்று எழுதிக் கொடுத்தேன்.

படித்தார்.  பிறகு என்னைப் பார்த்தார்.

"சாப்ட்டேன் சிஸ்டர்" என்றார். தன் குரலே கேட்காதவர்கள் பேசும் அந்த உரத்த குரலில், தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்.